முதல்முறை நிலக்கடலை போடுகிறீர்களா? உரக் கணக்கை இப்படிப் போடுங்கள்

"ஒரு ஏக்கர் நிலக்கடலைக்கு என்ன உரம் போடலாம்?" என்று உரக்கடையில் கேட்டால் பல இடங்களில் கிடைக்கும் பதில், "ஒரு மூட்டை டி.ஏ.பி. போடுங்க, அப்புறம் மேலுரமா கொஞ்சம் யூரியா" என்பதுதான். நெல்லுக்கும் ஏறக்குறைய அதே பதில், மக்காச்சோளத்துக்கும் அதே பதில். நிலக்கடலை அந்தக் கணக்குக்கு அடங்காத பயிர். செடி தளதளவென்று நிற்கும், பார்ப்பவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள், பிடுங்கிப் பார்த்தால் காயில் பாதி பொக்காக இருக்கும். உரத்துக்குப் பணம் போட்டும் பருப்பு சேராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், எந்தச் சத்தை எங்கே, எப்போது கொடுப்பது என்பது பிசகுவதுதான்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மணிலா, மல்லாட்டை என்று சொல்கிற அதே பயிர்தான் இது. முதன்முதலாக இதைப் போடப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அளவுகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரையை ஒட்டியவை. பரிந்துரை ஹெக்டேருக்கு இருக்கும்; நம் ஆட்கள் ஏக்கரில்தான் பேசுவார்கள் என்பதால் ஏக்கருக்கு மாற்றியே கொடுக்கிறேன்.

முதலில் செடியைப் புரிந்துகொள்ளுங்கள்

நிலக்கடலையில் பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. கருவுற்றதும் பூவின் அடியிலிருந்து விழுது ஒன்று நீண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனிதான் காயாகப் பருக்கிறது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உரக் கணக்கே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், செடிக்குள் தண்ணீரோடு சேர்ந்துதான் நகரும். வேர் உறிஞ்சும் தண்ணீர் இலையை நோக்கி ஓடுகிறது, இலை வழியாகத்தான் அது ஆவியாகிறது. மண்ணுக்குள் புதைந்திருக்கும் காயிலிருந்து தண்ணீர் ஆவியாவதில்லை. அதனால் வேர் எடுத்த சுண்ணாம்புச்சத்து காய்ப்பக்கம் வருவது மிகக் குறைவு. இலைக்கு ஏறிய சுண்ணாம்பும் திரும்பி இறங்கி வராது. ஆகவே காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் தோல் வழியாக, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காய் இருப்பதோ மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள். அந்த இடத்தில் சுண்ணாம்புச்சத்து இல்லையென்றால், ஆழத்தில் எவ்வளவு இருந்தாலும் பலனில்லை. ஓடு உருவாகும், உள்ளே பருப்பு நிற்காது. இரண்டு பருப்பு இருக்க வேண்டிய காயில் ஒன்று மட்டும் நிற்கும், அல்லது இரண்டுமே சுருங்கிப்போகும். செம்மண், மணற்சாரி நிலங்களில் மழைக்கும் பாசனத்துக்கும் சுண்ணாம்பு கீழே இறங்கிவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை அதிகம். பெரிய பருப்பு ரகங்களுக்குச் சுண்ணாம்புத் தேவை இன்னும் கூடுதல்.

தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், கதை வேறு. நிலக்கடலை பயறு வகைக் குடும்பத்துச் செடி. வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். வெளியிலிருந்து யூரியா அள்ளிப் போட்டால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும், கொடி மட்டும் ஓடும். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். உரத்திலேயே மலிவானது அது. மலிவு என்பதற்காகவே கூடுதலாக ஒரு மூட்டை போட்டுவிடுகிறார்கள். இந்தப் பயிரில் அந்த மூட்டை இலையை வளர்க்கும், பூச்சியையும் கூப்பிடும், காய்க்குப் பெரிதாக எதுவும் செய்யாது.

படி 1: மண் பரிசோதனை

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே மண் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் அரையடி ஆழத்துக்கு வெட்டி, அந்த வெட்டின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் மண் எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ வரும்வரை குறைத்துப் பையில் போட்டுக் கொடுங்கள்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் வரும்: தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். நிலக்கடலைக்கு உயிரான சுண்ணாம்புச்சத்து அதில் இல்லை! அதனால் அட்டையில் எல்லாம் 'நடுத்தரம்' என்று வந்தாலும் சுண்ணாம்பு போதும் என்று அர்த்தமில்லை. கொடுக்கும்போதே கால்சியமும் பார்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் கார அமில நிலையை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: 6-க்குக் கீழே இருந்தால், அதுவும் மணற்பாங்கான மண்ணாக இருந்தால், சுண்ணாம்புக் குறை இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 8-ஐத் தாண்டி, மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கற்கள் கிடந்தால் அது சுண்ணாம்பு மண். அங்கே சுண்ணாம்புச்சத்துக்காகப் போடும் ஜிப்சத்துக்கு அவசரமில்லை, இரும்புச்சத்துப் பிரச்சினைதான் வரும்.

படி 2: அடியுரத்தை மூட்டையாக மாற்றுதல்

பாசன நிலக்கடலைக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல்சத்து 30 கிலோ. மானாவாரிக்கு 4, 4, 18 கிலோ. மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதன்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இதோடு ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் கடைசி உழவில் சேர்க்க வேண்டும்.

இந்த எண்களை மூட்டையாக மாற்றுவதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். மூட்டையில் போட்டிருக்கும் எண் நூற்றுக்கு எத்தனை கிலோ சத்து என்பதைக் காட்டுகிறது. யூரியாவில் 46 சதவீதம் தழை. டி.ஏ.பி.யில் 18 தழை, 46 மணி. சூப்பர் பாஸ்பேட்டில் 16 மணி. பொட்டாஷில் 60 சாம்பல். வேண்டிய சத்தை நூறால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் உரத்தின் எடை வந்துவிடும்.

பாசனப் பயிருக்கு இரண்டு வழியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டி.ஏ.பி. வழி: மணிச்சத்து 20 கிலோவுக்கு 43.5 கிலோ டி.ஏ.பி. வேண்டும். அதிலேயே தழை 8 கிலோ அளவுக்கு வந்துவிடும். மீதிக்கு 5 கிலோ யூரியா, சாம்பலுக்கு 50 கிலோ பொட்டாஷ். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய் என்றால், மணிச்சத்துச் செலவு 1,175 ரூபாய் பக்கம் வரும்.

சூப்பர் வழி: மணிச்சத்து 20 கிலோவுக்கு 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை சூப்பர். தழைக்கு 22 கிலோ யூரியா, சாம்பலுக்கு அதே 50 கிலோ பொட்டாஷ்.

சூப்பரைத் தூக்கிச் சுமப்பது வேலைதான், வண்டிக்கூலியும் கூடுதல். ஆனால் அந்த 125 கிலோவில் 14 கிலோ அளவுக்குக் கந்தகமும், கூடவே சுண்ணாம்புச்சத்தும் வருகிறது. டி.ஏ.பி.யில் இரண்டுமே இல்லை. எண்ணெய்வித்துப் பயிருக்குக் கந்தகம் நான்காவது முக்கியச் சத்து. பருப்பில் புரதமும் எண்ணெயும் உருவாகக் கந்தகம் வேண்டும். ஒரு காலத்தில் சூப்பரும் அம்மோனியம் சல்பேட்டும் போட்டபோது கந்தகம் தன்னாலேயே நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. டி.ஏ.பி.யும் யூரியாவும் வந்த பிறகு அது நின்றுபோனது. என் கருத்தில் நிலக்கடலைக்கு சூப்பர்தான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் கந்தகம் கலந்த 20:20:0:13 காம்ப்ளெக்ஸ் பார்க்கலாம், ஆனால் அதில் மணிச்சத்துக்குச் சமமாகத் தழையும் ஏறுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மானாவாரிக்கு: சூப்பர் 25 கிலோ, யூரியா 9 கிலோ, பொட்டாஷ் 30 கிலோ.

பொட்டாஷ் பற்றி ஒரு எச்சரிக்கை. காய் சுண்ணாம்பை உறிஞ்சும் இடத்தில் சாம்பல்சத்து குவிந்து கிடந்தால் இரண்டும் போட்டி போடும், சுண்ணாம்பு தோற்றுப்போகும். அதனால் பொட்டாஷை உழவோடு மண்ணுக்குள் கலந்துவிடுவது நல்லது. மணல் நிலத்தில் பாசனம் செய்பவர்களுக்குப் பிரித்துப் போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டாலும் ஜிப்சத்தை விட்டுவிடக் கூடாது.

கடையில் வாங்கும்போது ஆதார் எண்ணோடு கைரேகை வைத்து, விற்பனையைப் பதியும் பி.ஓ.எஸ். கருவியில் ரசீது வாங்குங்கள். ரசீதில் இருக்கும் மூட்டை எண்ணிக்கை நீங்கள் எடுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

படி 3: விதைப்பு நாளில்

ஏக்கருக்குத் தேவையான விதையை ரைசோபியத்தோடு ஆறிய அரிசிக் கஞ்சி சேர்த்துக் கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். பூஞ்சணக்கொல்லி நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். விதைத்தவுடன் பல்கலைக்கழகத்தின் நிலக்கடலை நுண்ணூட்டக் கலவை 5 கிலோவை மணலோடு கலந்து 20 கிலோவாக்கி மேலாகத் தூவுங்கள். மண்ணுக்குள் கலக்க வேண்டாம்.

படி 4: முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்குங்கள்

30 முதல் 35 நாளுக்குள் வயலில் ஐந்தாறு இடங்களில் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாகவோ ரோஸ் நிறமாகவோ இருந்தால் அது வேலை செய்கிறது. தழைச்சத்தை இனி அது பார்த்துக்கொள்ளும், யூரியாவை நினைக்கவே வேண்டாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது சும்மா இருக்கிறது. முடிச்சே இல்லாமல் செடியும் வெளிறியிருந்தால் மட்டும் சிறிது தழைச்சத்து கொடுங்கள்.

இலையையும் இதே சமயத்தில் பாருங்கள். கீழ் இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. மேலே இளம் இலைகள் முழுக்க வெளிறினால் கந்தகக் குறை. இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புக் குறை. சுண்ணாம்பு மண்ணில் இது சர்வசாதாரணம். இரும்புக்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) ஒரு சதவீதக் கரைசலாக, லிட்டருக்கு 10 கிராம் வீதம், 30, 40, 50-ஆம் நாட்களில் தெளிக்க வேண்டும். மண்ணில் அதை அள்ளிப் போட்டால் சுண்ணாம்பு மண் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு எட்டாது.

பூப்பிடிக்கும் பருவத்துக்குப் பழைய, நம்பகமான தெளிப்பு ஒன்று இருக்கிறது. டி.ஏ.பி. ஒரு கிலோ, அம்மோனியம் சல்பேட் 400 கிராம், போராக்ஸ் (போரான் உப்பு) 200 கிராம் மூன்றையும் 15 லிட்டர் தண்ணீரில் ராத்திரியே ஊறவைத்து, காலையில் தெளிவை வடிகட்டி, 200 லிட்டராக்கி ஒரு ஏக்கருக்கு அடிக்க வேண்டும். 25-ஆம் நாளும் 35-ஆம் நாளும். இதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தின் 'நிலக்கடலை ரிச்' ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டரில் பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் தெளிக்கலாம். இரண்டில் ஒன்று போதும்.

படி 5: ஜிப்சம்

இந்தப் பயிரின் லாபம் பெரும்பாலும் இந்த ஒரு நாள் வேலையில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம். பாசனப் பயிருக்கு 40 முதல் 45 நாளுக்குள். மானாவாரியில் மண்ணில் ஈரம் இருக்கும் நாளைப் பார்த்து 40 முதல் 75 நாளுக்குள் போடலாம், ஆனால் முந்துவது நல்லது. காலைப் பனி உலர்ந்த பிறகு, இலையில் ஒட்டாத நேரத்தில், செடியின் தூரைச் சுற்றிக் கையால் தூவுங்கள். கட்டியாக இருந்தால் முந்தின நாளே உடைத்துச் சலித்து வையுங்கள். தூவிய கையோடு களைக்கொத்தால் லேசாகக் கொத்தி மண் அணைக்க வேண்டும். அப்புறம் தண்ணீர். அதன் பிறகு வயலில் மண்ணைக் கிளறவே கூடாது; இறங்கிய விழுது அறுந்துவிடும்.

தண்ணீர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜிப்சம் கரைந்தால்தான் காய் உறிஞ்ச முடியும். காய் பிடிக்கும் காலத்தில் மேல்மண் காய்ந்து வெடித்திருந்தால், ஜிப்சம் போட்டும் பொக்கு விழும். 45-ஆம் நாளிலிருந்து அடுத்த ஒரு மாதம் மேல்மண் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருப்பைப் பிளந்து பார்த்தால் உட்புறம் குழிந்து பழுப்பாகத் தெரிவது போரான் குறை. மண்வள அட்டையில் போரான் குறைவு என்று வந்திருந்தால் ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை இதே 45-ஆம் நாள் ஜிப்சத்தோடு கலந்துவிடலாம். அதற்கு மேல் வேண்டாம்; போரான் கொஞ்சம் கூடினாலும் செடியைக் கருக்கிவிடும்.

ஜிப்சம் சில பருவங்களில் மானியத்தில் வரும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரை விதைப்புக்கு முன்பே பார்த்துச் சொல்லி வையுங்கள். 40-ஆம் நாள் போய்க் கேட்டால் இருப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 6: செலவுக்கு வரவு தேறுமா?

ஒவ்வொரு உரத்துக்கும் தனித்தனியாக இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 2025-26 பருவத்துக்கு நிலக்கடலையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். கிலோ காய் 72 ரூபாய் 63 காசு. சந்தை விலை இதற்கு மேலும் கீழும் ஆடும், ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஜிப்சம், வண்டிக்கூலி, தூவும் கூலி எல்லாம் சேர்த்து உங்கள் ஊரில் 2,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 28 கிலோ காய் கூடுதலாக வந்தால் போட்ட பணம் வந்துவிடும். 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு ஏக்கரில் 1,30,000 செடிக்கு மேல் பிடிக்கும். முளைக்காதது, அழுகியது எல்லாம் கழித்துப் பாதிச் செடிதான் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டாலும் 65,000 செடி. நன்றாக முற்றிய இரட்டைப் பருப்புக் காய் ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். செடிக்கு ஒரே ஒரு பொக்குக் காய் நல்ல காயாக மாறினால் 60 கிலோவைத் தாண்டிவிடுகிறது. செலவைப்போல் இரண்டு மடங்கு!

இதே கேள்வியை இரண்டாவது மூட்டை டி.ஏ.பி.யிடம் கேட்டுப் பாருங்கள். 1,350 ரூபாய்க்கு 19 கிலோ காய் கூடுதலாகத் தர வேண்டும். மணிச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும் மண்ணில் அது எங்கிருந்து தரும்? பல ஆண்டுகளாக டி.ஏ.பி. போட்டுவந்த நிலங்களில் மணிச்சத்து 'அதிகம்' என்றே அட்டையில் வருவதுண்டு. அங்கே மிச்சம் பிடிக்கும் பணத்தைத்தான் ஜிப்சத்துக்குத் திருப்ப வேண்டும்.

முதல் ஆண்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். வயலின் நடுவில், ஓரமில்லாத இடத்தில், ஐந்தாறு வரிசைக்கு ஜிப்சம் போடாமல் விட்டு நான்கு மூலையிலும் குச்சி நட்டு வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கும் ஒன்றுபோலச் செய்யுங்கள். அறுவடையில் அந்த வரிசைகளின் காயையும், பக்கத்தில் அதே அளவு இடத்தின் காயையும் தனித்தனியாகக் காயவைத்து எடைபோடுங்கள். உங்கள் மண்ணைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

படி 7: எடையோடு உடைப்பையும் பாருங்கள்

காயின் ஓட்டை உடைத்துப் பாருங்கள். உட்புறம் கறுத்திருந்தால் முற்றிவிட்டது. நாலு செடியில் முக்கால்வாசிக் காய் அப்படி இருந்தால் பிடுங்கலாம். காயை ஈரம் 8 சதவீதத்தை ஒட்டி வரும்வரை உலர்த்துங்கள். காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும்.

விற்கப்போகும் முன் வீட்டிலேயே ஒரு கிலோ காயை உடைத்துப் பருப்பை நிறுங்கள். 700 கிராம் இருந்தால் நல்ல உடைப்பு. 600 என்றால் பொக்கும் சூம்பலும் அதிகம். பத்துக் குவிண்டால் காயில் இந்த வித்தியாசம் 100 கிலோ பருப்பு. மூட்டை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் கேட்கும் வியாபாரி ஒரு பிடி காயை எடுத்து உடைத்துப் பார்த்துத்தான் விலை எழுதுவார், அவருக்கு அது நன்றாகத் தெரியும். பருப்பில் எண்ணெய் கிட்டத்தட்டப் பாதி எடை. சூம்பிய பருப்பில் அது குறைவு என்பதால் செக்குக்காரரும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

எள், சூரியகாந்தி போடுகிறவர்களுக்கு

கணக்குப் போடும் முறை இதேதான், சத்துகள் மாறும். பாசன எள்ளுக்கு ஏக்கருக்குத் தழை 14, மணி 9, சாம்பல் 9 கிலோ. அதாவது யூரியா 30 கிலோ, சூப்பர் 57 கிலோ, பொட்டாஷ் 15 கிலோ. எள் முடிச்சு வைக்காத செடி, தழைச்சத்தை நாம்தான் கொடுத்தாக வேண்டும். கூடவே மாங்கனீசு சல்பேட் 2 கிலோ. கந்தகத்துக்காக இங்கேயும் சூப்பர்தான் நல்லது.

சூரியகாந்தியில் போரான்தான் பார்க்க வேண்டியது. குறைந்தால் பூவின் நடுவில் விதை பதராகிவிடும். ஓர இதழ்கள் விரியத் தொடங்கும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து பூத்தட்டு நனையத் தெளியுங்கள். காலையில் வேண்டாம், அந்த நேரம் தேனீக்கள் பூவில் இருக்கும். மாலையில் தெளிப்பதே சரி.